வட்ட ஜன்னல் கப்பல்

பங்கஜம் கடலைப் பார்க்காதவள் இல்லை. மெரினாவில் முழங்கால் வரை நனைத்துக்கொண்டு வந்தவள்தான். ஆனால் கரை கண்ணை விட்டு மறைந்த பிறகு கடல் எப்படி இருக்கும் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. அந்தமானுக்குப் போகிறோம் என்று பேச்சு வந்த நாளிலிருந்து படப்பையில் அவள் கேள்வி கேட்காத ஆள் இல்லை.

தொண்ணூற்றொன்றாம் வருடத்துக் கார்த்திகை மாதம் அது. அவள் புருஷன் ரத்தினம் டெலிபோன் ஆபீசில் லைன்மேன். சில வருடத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு ஊர் சுற்றிவர ஆபீசே பயணச் செலவைக் கொடுக்கும். இந்தத் தடவை அந்தமான் என்று அவனேதான் சொன்னான். இங்கே பனி கொட்டுகிற நாளில் அங்கே போர்வையே வேண்டாமாம். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றால் கால் விரல் தெரியுமாம்.

மெட்ராசிலிருந்து போகிற கப்பல் இரண்டு. மார்கழியில் கிளம்புவது பெரியது. பொங்கல் கழித்துக் கிளம்புவது சின்னது. எதில் போவது என்பதில்தான் வீடே இரண்டுபட்டது.

பக்கத்து வீட்டு மெர்சியின் அண்ணன் கப்பலில் சமையல்காரன். அப்போது லீவில் சேரப்பணஞ்சேரி அம்மா வீட்டுக்கு வந்திருந்தான். மெர்சி கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வரும் வழியில் அங்கே இறங்கிவிட்டு வருவாள். அதனால் காலையில் வேலிக்கு மேலே பங்கஜத்தின் கேள்வி போகும், சாயங்காலம் பதில் வரும். கப்பலில் இட்லி உண்டா? உண்டாம், கல்லு மாதிரி இருக்குமாம். எச்சில் இலையை எங்கே போடுவார்கள்? குளித்தால் தண்ணீர் உப்புக் கரிக்குமா? இப்படிப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு சாயங்காலம் மெர்சி பையைக்கூட இறக்கி வைக்காமல் வேலியோரம் வந்து நின்றாள். பெரிய கப்பலில் இவர்களுக்குக் கிடைப்பது அடித்தளத்து ஹால். கட்டிலுக்கு மேல் கட்டிலாக ஊரே படுத்திருக்கும், ஜன்னல் கிடையாது. சின்னதில் ரெண்டு பேருக்கென்று தனி அறை உண்டாம். அதில் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டக் கண்ணாடி ஜன்னல்.

"அதுல பாத்தா பாதி கடலு, பாதி வானமாம்க்கா. கப்பலு சாயறப்போ முழுசும் கடலு. மறுபடி முழுசும் வானம்."

அன்றிலிருந்து பங்கஜத்துக்குச் சோறு வடிக்கும்போதும் அந்த ஜன்னல்தான்.

ஆனால் நாத்தனார் காந்திமதி பெரிய கப்பலைத் தீர்மானம் செய்து வைத்திருந்தாள். ரத்தினத்தின் அக்கா. அடுத்த தெருவில் வீடு. அவள் புருஷன் பச்சையப்பனும் அதே ஆபீஸ் என்பதால் அவர்களுக்கும் பயணம் உண்டு. ஹாலில் வரிசையாகக் கட்டில் பிடித்து, எல்லோரும் ஒன்றாகப் போய், புளிச்சோறும் எள்ளுருண்டையும் பங்கஜம் கையால் செய்து எடுத்துப்போவது என்பது அவள் திட்டம். ஸ்டவ்வைக்கூடக் கட்டி வைத்திருந்தாள். கப்பலில் அடுப்பு மூட்டினால் கடலில் இறக்கி விட்டுவிடுவார்கள் என்று பச்சையப்பன் சொன்ன பிறகுதான் அதை அவிழ்த்தாள்.

பங்கஜத்துக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். பிள்ளை இல்லை. ஆனால் காந்திமதியின் பிள்ளைகள் நாலும் வளர்ந்தது இந்த வீட்டு அடுப்பில்தான். பங்கஜமும் புருஷனும் மட்டுமாக ஒரு பஸ்ஸில்கூடப் போனதில்லை. கப்பலிலும் கரண்டியோடுதான் போக வேண்டுமா என்று அவள் மனது கேட்டது. வாய் கேட்கவில்லை. ரத்தினமோ அக்கா முன்னால் தலையாட்டுவான், பெண்டாட்டி முன்னால் தலையைச் சொறிவான்.

கடைசியில் அவன்தான் சொன்னான், வல்லக்கோட்டை முருகனிடம் பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்று. இரண்டு இலைப் பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. சாமி காலடியில் வைத்து ஒன்றை எடுத்துப் பிரிப்பது. வெள்ளை வந்தால் பெரிய கப்பல், சிவப்பு வந்தால் சின்னது. சாமி சொன்னால் காந்திமதியும் மறுபேச்சுப் பேசமாட்டாள்.

செவ்வாய்க்கிழமை நாலு பேரும் போனார்கள். பூக்கடையில் காந்திமதி பார்த்துக்கொண்டிருக்க, பங்கஜம் மல்லியை ஒரு வாழையிலைத் துண்டிலும் செவ்வரளியை ஒன்றிலும் வைத்து நாரால் கட்டினாள். ரத்தினம் இரண்டையும் வாங்கிக்கொண்டு, குளத்தில் கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று போனான். கால் கழுவ அவ்வளவு நேரமா என்று காந்திமதி முணுமுணுத்தாள்.

குருக்கள் பொட்டலங்களைச் சந்நிதியில் வைத்து, தீபம் காட்டி, தட்டோடு கொண்டுவந்து நீட்டினார். ரத்தினம் ஒன்றை எடுத்துப் பிரித்தான்.

சிவப்பு.

பங்கஜத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. மற்றதைப் பிரிக்காமல் குளத்தில் போட்டுவிட வேண்டும், அதுதான் முறை. அதை எடுக்கக் குனிந்தவளுக்கு ஏதோ ஒன்று குறைந்தது. இத்தனை கிட்டத்தில் மல்லி மணக்கவில்லை. இலைக்குள் கட்டினாலும் மல்லி மணக்காமல் இருக்குமா? இவ்வளவு மல்லியும் எங்கே போயிற்று என்று நிமிர்ந்தாள். புருஷனின் சட்டைப்பை பக்கமிருந்து மணம் வந்தது. அவன் அவளைப் பார்க்காமல் கொடிமரத்தைப் பார்த்தான்.

ஏழு வருடமாகத் தலையைச் சொறிந்த மனுஷன்.

அதற்குள் காந்திமதி கையை நீட்டிவிட்டாள். "அந்தப் பொட்டலத்த குடு. அதுல இன்னா கீதுன்னு பாத்துக்கலாம்."

கொடிமரத்தைத் தாண்டினால் குளம். வீசினால் முடிந்தது. பங்கஜம் வீசவில்லை.

"பிரிக்க வேணாம் அண்ணி. அதுலயும் செவப்புதான். எனக்கு அந்தச் சின்னக் கப்பல்தான் வேணும். நானும் அவரும் மட்டும் போவணும்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. ரத்தினம் பையிலிருந்து கசங்கிய மல்லியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றான். நான்தான்க்கா மாத்தினேன் என்றான், யாருக்கும் கேட்காத குரலில்.

காந்திமதி குளத்துப் படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். "சாமியவே ஏமாத்தறீங்களே. இத்த வூட்லயே சொன்னா நான் இன்னா முழுங்கிடுவனா?"

முழுங்கித்தான் இருப்பாள். அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். பின்னால் நின்ற பச்சையப்பன், முருகன் ரெண்டு பெண்டாட்டிக்காரர், வீட்டுத் தொல்லை அவருக்குப் புதுசில்லை என்றார். காந்திமதி முறைத்தாள். பிறகு பங்கஜத்தின் பக்கம் திரும்பினாள்.

"அப்பிடி இன்னாதான்டி கீது அந்தக் கப்பல்ல?"

பங்கஜம் பக்கத்தில் உட்கார்ந்து, கைகளால் வட்டம் காட்டி, ஜன்னலைச் சொன்னாள். பாதி கடல், பாதி வானம். சாய்ந்தால் முழுசும் கடல். காந்திமதி அந்த வட்டத்துக்குள்ளேயே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"ராத்திரில? ராத்திரில அதுல இன்னா தெரியும்?"

இதை மெர்சியிடம் கேட்கத் தோன்றவே இல்லை. தெரியவில்லை என்றாள் பங்கஜம்.

காந்திமதி எழுந்து, தம்பி கையிலிருந்த மல்லியை வாங்கி உதறி, பங்கஜத்தின் கொண்டையில் செருகினாள். கொஞ்சம் வலிக்கும்படியாகத்தான் செருகினாள். "போயி பாத்துட்டு வந்து சொல்லு" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் ஒரகடம் வரும்வரை அவள் ஓயவில்லை. அந்தக் கண்ணாடி திறக்குமா? மீன் வந்து எட்டிப் பார்க்குமா? மழை பெய்தால் மேலே எது, கீழே எது என்று எப்படித் தெரியும்? இதையெல்லாம் மெர்சியிடம் வேலிக்கு மேலே கேட்டுப் பயனில்லை என்று பங்கஜத்துக்குத் தோன்றியது. போய்த்தான் பார்க்க வேண்டும்.