கொசுறுப் பாசி

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. அலங்கார மீன் கடையில் ஒரு ஜோடி மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது. கடைக்காரர் விலையில் இம்மியும் இறங்க மாட்டார். பதிலுக்கு ஒரு கொத்துக் கடற்பாசியை நறுக்கிக் கொசுறாகப் போடுவார். இறகு மாதிரி இருக்கும், கண்ணைப் பறிக்கும் பச்சை. ஆனால் கொசுறை யார் மதித்தார்கள்? வீட்டுத் தொட்டியில் அது நிறைந்ததும் வாரிக் கால்வாயில் கொட்டினார்கள். கால்வாய் கடலுக்குப் போகிறது.

2

முதல் தொடக்கம்: 'கடலுக்கடியில் ஒரு பச்சைக் கம்பளம் மெல்ல மெல்ல—'

(அடித்துவிட்டேன். கம்பளத்தைப் பார்த்து யார் வயிறு எரியும்?)

இரண்டாவது: 'வலையை இழுத்த மாப்பிள்ளை—'

இது தேவலை. மாப்பிள்ளை என்பவர் கடைக்காரரின் தங்கை புருஷன். அந்தக் கால்வாய் கலக்கும் வளைகுடாவில் மீன் பிடிப்பவர். இப்போது அவர் வலையில் பாசிதான் வருகிறது.

3

அவர் கடைக்குள் நுழைந்ததும் கடைக்காரர் ஒரு தொட்டியின்மேல் அவசரமாகத் துணியை இழுத்துவிட்டார்.

"என்ன மாப்பிள்ளை, இன்னைக்கு ஏதாவது பட்டுச்சா?"

"பட்டுச்சு மச்சான், கீரைக்கட்டு. ஆடு வளத்திருந்தா பொழைச்சிருப்பேன்."

"அத என்ன பண்றீங்க?"

"சும்மா விடுவேனா? துண்டு துண்டாப் பிச்சு அங்கேயே வீசிட்டுத்தான் வர்றேன். நாளைக்கு எல்லாப் படகும் சேந்து வெட்டப் போறோம். உங்களையும் கூப்பிடச் சொன்னா உங்க தங்கச்சி. அண்ணன் வந்தா தெம்பா இருக்குமாம்."

4

அந்தப் பாசிக்கு விதை வேண்டாம். நறுக்கிப் போட்டால் துண்டுக்கு ஒரு செடி. கடைக்காரர் அப்படித்தான் அதைப் பெருக்கினார். நாளை வெட்டினால் வளைகுடா முழுக்க அதுதான். வெட்டாதீர்கள் என்று சொல்லலாம். உங்களுக்கு எப்படித் தெரியும் என்பார்கள். துணி விலகும். தங்கை வீட்டுக் கதவு சாத்தப்படும்.

(இப்படியும் ஒரு கோழையா என்று அந்தப் பாத்திரத்தை முதலில் நான் நம்பவில்லை. மாப்பிள்ளைக்காக அவர் நாற்காலியை இரண்டு தடவை துடைத்தபோதுதான்—)

5

முடிவு ஒன்று: சொல்லிவிடுகிறார். தங்கை அவரிடம் பேசுவதை நிறுத்துகிறாள்.

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொள்கிறார். தங்கை வழக்கம்போல் அவருக்குச் சோறு போடுகிறாள், அந்த வீட்டில் அரிசி இருக்கிறவரை.

(இரண்டில் எதை எழுதினாலும் என் கை கூசுகிறது.)

"வருவீங்கதானே மச்சான்?"

"அது வந்து... மாப்பிள்ளை..."

அடுத்த வரி உங்களுடையது. அவகாசம் கேட்காதீர்கள். தீட்டக் கொடுத்த அரிவாள்களை வாங்க வேண்டுமென்று மாப்பிள்ளை எழுந்துவிட்டார்.