மஞ்சள் குடைக்குப் பின்னால் ஒரு கை

1

“ஏங் கண்ணு, அந்தப் படத்துல உங்கக்காளுக்கு பஜ்ஜி ஊட்டுதே ஒரு கை, அது யாரு கைன்னு உனக்குத் தெரியுமா?”

மளிகைக் கடைப் பார்வதியம்மா புளியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டார். அமலி பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மஞ்சக்குட்டை ஏற்றத்தில் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்துவிட்டாள். இந்தக் கதை அந்த ஓட்டத்தில் பிறந்தது. வாயில் வராத பதில் எங்கேயாவது போய்ச் சேர வேண்டுமே.

அந்தக் கை யாருடையது என்பதைக் கடைசிவரை ஒளித்துவைத்தால் கதை விறுவிறுப்பாக இருக்கும். எழுதுகிறவளுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் இந்த வாரம் ஊர் ஆடுகிற ஆட்டத்தை அவளும் உங்களோடு ஆட விரும்பவில்லை. அது அமலியின் கை.

(இந்தக் கதையை எழுதுகிறவளும் அமலியும் ஒருத்திதான். ‘நான்’ என்று போட்டால் பேனா அங்கேயே நின்றுவிடுகிறது. அதனால் அமலி.)

2

வேறு தொடக்கங்களும் இருந்தன.

‘பனி மூடிய சேர்வராயன் மலையில் ஒரு காதல்—’

அடித்தாயிற்று. இது சேலத்திலிருந்து காரில் வந்து போகிறவர்களின் வாக்கியம். மலையில் இருப்பவர்களுக்குப் பனி என்றால் காயாத துணி.

‘ஆன்மேரி சிரித்தால் ஏற்காடே—’

இதுவும் வேண்டாம். சிரிப்பால் வந்த வினையைச் சொல்ல உட்கார்ந்துவிட்டுச் சிரிப்பைப் புகழ்ந்தால் அக்காவுக்குப் பிடிக்காது.

நேராகப் படத்துக்கே வரலாம். அது ஒரு இந்திப் படம். போன குளிர்காலத்தில் ஏற்காட்டில் வந்து கொஞ்சம் எடுத்துப் போனார்கள். காதலும் சிரிப்பும்தான், ஆனால் வழக்கமான தினுசு இல்லை. பையன் முதல் காட்சியிலேயே காதலைச் சொல்லிவிடுகிறான். பெண், விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறாள். அவனுடைய பழைய காதலிகளை ஊர் ஊராகத் தேடிப் போய், ஆள் எப்படி என்று கேட்கிறாள். அவளுக்குக் கார் ஓட்டுகிறவன் அவனேதான். கடைசியில் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் அந்தப் பழைய காதலிகள்.

தமிழ்க் குரல் போட்டு அது போனுக்கு வந்ததும் ஊரில் வேறு பேச்சே இல்லை.

“கதைன்னு ஒண்ணும் இல்லீங்க. ஆனா நம்ம ஏரி நொம்ப நல்லா வந்திருக்குது” என்றார் பேக்கரி செல்வராஜ்.

“பொண்ணே போயி விசாரிச்சுக்கறதுன்னா அப்பறம் நாங்க எதுக்குங்க?” என்றார் ஒரு கல்யாணத் தரகர்.

“விசாரிச்சா என்னங்க தப்பு? விசாரிக்காம வந்து சிக்குனவ நானு” என்றார் பார்வதியம்மா. அவர் கணவர் பக்கத்திலேயே வெல்லம் உடைத்துக்கொண்டிருந்தார்.

நல்ல பேச்சுகள். பிறகு யாரோ ஒருவர் படத்தை ஓர் இடத்தில் நிறுத்திப் பார்த்தார்.

ஏற்காட்டில் இருக்கும் பழைய காதலி ஒருத்தியின் வீட்டுக்குக் கதாநாயகி வழி கேட்கிற இடம் அது. அவள் கையில் மஞ்சள் குடை. அவளுக்குப் பின்னால் பஜ்ஜிக் கடை. கடையோரம் ஆன்மேரி தலையைச் சாய்த்துச் சிரிக்கிறாள். குடை மறைப்பிலிருந்து, பழுப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு கை நீண்டு வந்து, மிளகாய் பஜ்ஜித் துண்டு ஒன்றை அவள் வாயில் வைக்கிறது. ஆம்பிளை ஸ்வெட்டர்.* முகம் தெரியவில்லை.

* ஸ்வெட்டர் அப்பா ஜேசுதாஸுடையது. குளிர்காலம் முழுக்க அதைப் போட்டுக்கொண்டு திரிகிறவள் அமலி. இந்த விஷயம் அடியில் ஒரு மூலையில் கிடப்பதற்குக் காரணம், ஊரிலும் அது அப்படித்தான் கிடந்தது.

3

அதற்கப்புறம் படம் எப்படி என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. கை யாருது என்றுதான் கேட்டார்கள்.

முதல் சந்தேகம் ஜீப் ஓட்டும் சித்தன் மேல். “எங் கையப் பாருங்க சாமி. இந்த கிரீஸு எந்த சோப்புக்கும் போவாது. படத்துல இருக்கற கை தண்ணியில ஊறுன கையாட்டம் வெளுத்துக் கெடக்குது!” என்று பஸ் ஸ்டாண்டில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நீட்டிக் காட்டினான். விடுதியில் வேலை பார்க்கும் கோகுல் கையைப் பேன்ட் பையிலிருந்து எடுக்காமல் நடந்தான். அதனால் அவன் மேலும் சந்தேகம் வந்தது.

அமலியை யாரும் நினைக்கவில்லை. வகுப்பில் எழுந்து நின்று பாடம் படிக்கச் சொன்னபோது குரல் வராமல், மறுநாளிலிருந்து பள்ளிக்கூடமே வேண்டாமென்று நின்றுவிட்ட பெண். காபிப் பழம் பறிக்கிற இடத்திலும் அவள் பக்கத்து வரிசையில் நிற்பவர்களுக்கு அவள் இருப்பது தெரியாது.

ஆன்மேரிக்கும் சேலத்து மெல்வினுக்கும் நிச்சயமாகி, மாதா கோயிலில் முதல் ஓலை வாசித்தாயிற்று. (வழக்கம் தெரியாதவர்களுக்கு: கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, பூசையில் இருவர் பெயரையும் வாசித்து, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்பார் சாமியார். கோயிலுக்குள் யாரும் வாயைத் திறப்பதில்லை. எல்லாம் கோயிலுக்கு வெளியில்தான்.) இரண்டாவது ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை, மாப்பிள்ளை வீட்டார் வருவதாகப் போன் வந்தது. சும்மா ஒரு வார்த்தை பேசணும் என்றார்களாம்.

அப்பா ஆன்மேரியிடம் கேட்டுப் பார்த்தார். கெஞ்சிப் பார்த்தார். அவள் சொல்லவில்லை. அவர் வேலைக்குப் போனதும் அமலி அடுப்படியில் அக்காவிடம் போய் நின்றாள்.

“அக்கா, அது என் கைன்னு நான் சொல்லீரட்டுமா?”

ஆன்மேரி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். “நீ வாயத் தொறக்காத. உனக்கு நல்லா வர்றதே அது ஒண்ணுதான்.”

“ஏங்க்கா?”

“உன் கைன்னாச் சரி, வேற ஒருத்தங் கைன்னா இந்தக் கல்யாணம் இல்லையா? யாருதுன்னு தெரியாமயே அவரு என்ன சொல்றாருன்னு நான் கேக்கோணும். கூடப் போயி இருக்கப்போறது நானு.”

“அவரு தப்பாச் சொல்லீட்டா?”

கத்தி நின்றது. ஆன்மேரிக்கு மெல்வினைப் பிடித்திருந்தது. அதனால்தான் கத்தி நின்றது.

“சொல்ல மாட்டாரு” என்றாள். மறுபடி அரிய ஆரம்பித்தாள்.

4

மெல்வினை எழுதுவதுதான் பெரும்பாடு.

சேலத்தில் பைக் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறான். முதலில் அவனைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தாள் அமலி: ‘மெல்வினின் மீசை துடித்தது. அவன்—’ அவனுக்கு மீசையே இல்லை. பிறகு நல்லவனாக: ‘பொன்னான மனம் படைத்த—’ இதுவும் நிற்கவில்லை.

தெரிந்ததை மட்டும் சொல்லலாம். நிச்சயத்தன்று எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அவன் அடுப்படி வாசலுக்கு வந்து, “நீங்க சாப்டீங்களா?” என்று அமலியிடம் கேட்டான். அவள் தலையாட்டினாள். அவன் நம்பவில்லை. ஒரு இலையைக் கொண்டுவந்து போட்டு, தானே சோறும் வைத்தான்.

ஒருவனை நல்லவன் என்று சொல்ல இது போதுமா? முகம் தெரியாத ஒரு கையைப் பற்றி அவன் என்ன நினைப்பான் என்பதை அந்த இலையை வைத்து எப்படிச் சொல்வது? நீங்கள் இதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தால் கொஞ்சம் பொறுங்கள். எழுதுகிறவள் இன்னும் வரவில்லை.

5

மேலே இருப்பதெல்லாம் வெள்ளிக்கிழமை வரைக்கும் எழுதியது. அதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. கதை எழுதுகிறவளை முந்திக்கொண்டு போய்விட்டது.

மெல்வின், அவன் அம்மா, தாய்மாமன் அருள்சாமி மூவரும் வந்தார்கள். ஆன்மேரி டீ கொடுத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தாள். அமலி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அருள்சாமி போனை ஸ்டூல்மேல் வைத்து, படத்தை அந்த இடத்தில் நிறுத்தி, இரண்டு விரலால் விரித்தார். கை பெரிதாகிக்கொண்டே வந்தது.

“படத்தக் குறை சொல்ல வரலீங்க. படம் நல்லாத்தான் இருக்குது. அதுல பொண்ணு ஊரெல்லாம் விசாரிக்கறா. நாங்க இந்த ஒண்ணே ஒண்ணுதான் விசாரிக்க வந்தோம்.”

“யாராச்சும் சூட்டிங்காரங் கையா இருக்குமுங்க” என்றார் ஜேசுதாஸ். பதற்றத்தில் மனுஷனுக்குத் தன் ஸ்வெட்டரே தெரியவில்லை.

“சூட்டிங்காரன் உங்க பொண்ணுக்கு எதுக்குங்க பஜ்ஜி ஊட்டறான்?” என்றார் அருள்சாமி.

“எங்க சனத்துல இதப் பாக்காத ஊடு இல்லீங்க” என்றார் மெல்வினின் அம்மா. “நாளைக்கு ஓலை வாசிக்கறப்ப எல்லாரும் எம் மூஞ்சியத்தான் பாப்பாங்க. நீயே சொல்லீரு கண்ணு. யாரு அது?”

“சொல்ல மாட்டேனுங்க அத்தை” என்றாள் ஆன்மேரி. “நான் சிரிச்சேன். பஜ்ஜி தின்னேன். அதுல தப்பு இருந்தாச் சொல்லுங்க, கேட்டுக்கறேன்.”

“பாத்தீங்களா மாப்பிள்ள, திமிர!” அருள்சாமி மெல்வினைத் திரும்பிப் பார்த்தார். “பேசறா பாருங்க, படத்துல வர்றவளாட்டமே!”

மெல்வின் அதுவரை போனைப் பார்க்கவில்லை. கட்டைவிரல் நகத்தில் ஒட்டியிருந்த ஆயிலைச் சுரண்டிக்கொண்டிருந்தான். ஆன்மேரி அவனையே பார்த்தாள். அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

“இருங்க மாமா. எனக்கு அந்தக் கை—”

இங்கே கதை பிரிகிறது.

அமலி பேசாமல் நிற்கிறாள். ‘யாருதா இருந்தாலும் பரவால்லீங்க’ என்று மெல்வின் முடிக்கிறான். இது ஒரு முடிவு.

அமலி பேசாமல் நிற்கிறாள். ‘யாருதுன்னு தெரிஞ்சே ஆகோணுங்க’ என்று முடிக்கிறான். இது இன்னொன்று.

இரண்டிலும் அமலி பேசாமல் நிற்கிறாள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். பிறந்ததிலிருந்து அவளுக்குப் பழகிய வேலை அது. ஆனால் அன்றைக்கு அக்காவின் கத்தி நின்றதை அவள் பார்த்திருந்தாள். அந்த இன்னொன்று வந்துவிடுமோ என்ற பயம் அக்காவைவிட அவளுக்குத்தான் அதிகம்.

“அது என் கைங்க.”

எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள், யாரோ புதிதாக வந்துவிட்டார்கள் என்று. அமலி ஆணியில் தொங்கிய ஸ்வெட்டரை எடுத்து மாட்டினாள். மணிக்கட்டில், நூல் பிரிந்த இடத்தை அவளே நீலக் கம்பளி நூலால் தைத்திருந்தாள். கையைக் கொண்டுபோய்ப் போனுக்குப் பக்கத்தில் நீட்டினாள்.

அருள்சாமி படத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். படத்திலும் மணிக்கட்டில் தெரிந்த நீல நூலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். “அட, நம்ம சின்னப் பொண்ணு கையா! இதுக்கா சேலத்துலருந்து அத்தன வளைவு ஏறி வந்தோம்!”

மெல்வினின் அம்மா அமலியின் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். “வாயில்லாப் புள்ளைன்னாங்க. எத்தன தெளிவாப் பேசுது பாரு, எஞ் சாமி.” ஜேசுதாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு தடவை டீ போடச் சொன்னார். மெல்வினும் சிரித்தான்.

“நீங்க என்னமோ சொல்ல வந்தீங்களே மாப்பிள்ள?” என்றார் அருள்சாமி.

“ஒண்ணுமில்லீங்க மாமா. அதான் தெரிஞ்சு போச்சுங்களே.”

6

எழுதுகிறவளிடம் முடிவு இல்லை. இரண்டாவது ஓலை நாளைக் காலைப் பூசையில்தான். வாசிப்பார்களா என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

மெல்வின் சொல்ல வந்ததையும் அவளால் எழுத முடியவில்லை. அதன் குறுக்கே விழுந்தது அவள் குரல்தான். நாலு பேர் முன்னால் பல வருஷம் வராமல் இருந்த குரல், அந்த நேரம் பார்த்து வந்தது. ‘எனக்கு அந்தக் கை—’ மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். அவன் போட்ட இலையை நினைத்துக்கொண்டு எழுதுவீர்களோ, கடைசியில் அவன் சொன்ன பதிலை நினைத்துக்கொண்டு எழுதுவீர்களோ, அது உங்கள் பாடு. ஆனால் நீங்கள் எதை எழுதினாலும் அதை ஆன்மேரி கேட்டிருக்க மாட்டாள்.

நடந்த மீதி இவ்வளவுதான்.

அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது ஆன்மேரி எழுந்தாள். “எங்க கண்ணு?” என்றார் மெல்வினின் அம்மா. அவள் திரும்பவில்லை. ஒவ்வொருவர் சிரிப்பாக நின்றது, கடைசியாக அருள்சாமியுடையது. அமலி வழியில் நின்றிருந்தாள், அந்த ஸ்வெட்டரோடு. “அக்கா” என்றாள். ஆன்மேரி நின்று அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால் எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். பிறகு தங்கையைத் தொடாமல் ஒதுங்கி, வாசலில் கிடந்த செருப்புகளைத் தாண்டி, ரோட்டுக்கு இறங்கிப் போனாள்.