ஜன்னல் வந்திருப்பாளா?

அப்பாவுக்குத் தொலைந்த பெயர்களைத் திரும்பச் சொல்லித்தர மணிக்கு முந்நூறு ரூபாய் கேட்டார், பேச்சுப் பயிற்சி தரும் அம்மாள். நான் துணிக்கடைக்காரன், கேட்ட விலையைக் கொடுத்துவிட்டால் சோறு இறங்காது. இருநூற்றைம்பதுக்கு முடித்தேன்.

பக்கவாதம் வந்த பிறகும் அப்பாவின் நாக்கு நன்றாகத்தான் ஓடியது. ஆட்கள், சாமான்களின் பெயர்கள் மட்டும் இடம் மாறிப்போயின. தினமும் என்னைப் பார்த்து ஒரே கேள்வி: "குடையைப் பூனைக்குக் குடுக்காம இருந்திருந்தா, ஜன்னல் வந்திருப்பாளா?"

எங்கள் கடையில், வாங்க வந்தவருக்குப் புரியாமல் பேச ஒரு ரகசிய பாஷை உண்டு. குடை என்றால் தள்ளுபடி. பூனை, பேரம் பேசியே உயிரை வாங்குகிறவர். ஜன்னல், லாபம். நானும் கெட்டிக்காரத்தனமாக, "தள்ளுபடி குடுத்தது சரிதான்பா, இல்லேன்னா அந்த லாபமும் வந்திருக்காது" என்று முதுகைத் தட்டுவேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். பத்து நாள் இதே கூத்து.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டா, வந்திருப்பாளான்னு கேக்கறாரே, லாபம் என்ன பொம்பளையா?"

பயிற்சி அம்மாளும், "வார்த்தைகளை விடுங்க, வாக்கியம் முழுசா இருக்கு" என்றார். "எதையோ யாருக்கோ குடுத்துட்டார். குடுக்காம இருந்திருந்தா ஒருத்தி வந்திருப்பாளான்னு தவிக்கிறார்."

என் காது சுட்டது. பத்து வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவள் அக்கா. அப்பா கடையை என் பேருக்கு மட்டும் எழுதிவைத்த அன்று கிளம்பியவள் திரும்பவே இல்லை, எட்டு வருஷமாகிறது. குடை, கடை. ஜன்னல், அக்கா. பூனை நான்தான்.

போன் போட்டேன். "அக்கா, அப்பா உன்னைத்தான் கேக்கறார்."

"என் பேரைச் சொன்னாரா?"

"ஜன்னல்னு..."

"என்னது?"

"பேரே வரமாட்டேங்குதுக்கா அவருக்கு."

"நல்லா இருந்தப்பவே என் பேர் பத்திரத்துல வரலை. இப்ப வாயிலயாவது வரட்டும். ஒரே ஒரு தரம். அன்னிக்கு வரேன்."

"பாதிக் கடையை எழுதித் தந்துடறேன்."

"பார்த்தியா, என்கிட்டயும் பேரம்தான்." வைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் போட்டோவைக் காட்டிப் பேரைச் சொல்லித் தருகிறோம். அப்பா பளிச்சென்று சிரிப்பார், உதட்டைக் குவிப்பார், கழுத்து நரம்பு புடைக்கும். "ஜன்னல்" என்பார். தப்பென்று அவருக்கே தெரியும். கண் நிறைந்துவிடும்.

இதுவரை இருபத்தாறு மணி நேரம், ஆறாயிரத்து ஐந்நூறு. அதற்கு வந்தவை: தண்ணி, வலி, சோறு. இன்னும் வரவேண்டியது, ஒரு பேர்.