இரண்டு தட்டினால் போகலாம்

"தலைப்பக்கம் நீ பிடி. கால் பக்கம் நான் பார்த்துக்கறேன்," என்றாள் அம்மா. "குலுக்காம இழு."

கண்ணாடிகளுக்கு அடியில் விரிக்கும் பழைய கம்பளத்தின் மேல் அப்பா மல்லாந்து கிடந்தார். பட்டறையில், கண்ணாடி அறுக்கும் மேசைக்குப் பக்கத்தில் விழுந்தவரை அம்மாதான் தனியாளாகக் கம்பளத்துக்கு உருட்டியிருந்தாள். அவர் முகம் ஈய நிறத்தில் இருந்தது. வியர்வை வழிந்து காதுக்குள் தேங்கியிருந்தது. மகள் கம்பளத்தின் இரண்டு முனைகளையும் கையில் சுற்றிக்கொண்டாள். விடுமுறை நாளென்று பெற்றோரைப் பார்க்க வந்தவள் அவள். வந்து ஒரு காபியைக்கூடக் குடித்து முடிக்கவில்லை.

ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று. ஆற்றுப் பாலத்தில் ஒரு பேருந்து கவிழ்ந்துவிட்டதாம். "எல்லா வண்டியும் அங்கதான் நிக்குது. இங்கேர்ந்து அனுப்ப நேரமாகும். உங்ககிட்ட வண்டி இருந்தா நீங்களே கொண்டு வந்துடுங்க. உட்கார வைக்காதீங்க, படுக்க வச்சே கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அந்தக் குரல் போனை வைத்துவிட்டது.

வண்டி இருந்தது. பாதிக்கார்.

முன்பக்கம் பார்த்தால் அது கார். சாய்ந்த கண்ணாடி, தாழ்ந்த மூக்கு, இருவர் உட்காரும் இருக்கை. அந்த இருக்கையின் முதுகோடு கார் முடிந்துவிடும். அதற்குப் பின்னால் கூரையில்லாத தகரத் தொட்டி. இந்த வகை வண்டிகளைச் செய்வதை நிறுத்திப் பல காலம் ஆகிவிட்டது. அப்பா மட்டும் விடவில்லை. கதவு ஒரு வண்டியிலிருந்தும் விளக்கு இன்னொரு வண்டியிலிருந்துமாக ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்.

அம்மாவின் தம்பி, மகளுக்கு மாமா, நகரத்தில் வண்டி விற்பவர். மார்பளவு உயரத்தில் தொட்டி வைத்த, மூச்சுவிட்டால் தெருவே அதிரும் புதிய பிக்கப்புகளை விற்பவர். சாப்பிட வரும்போதெல்லாம் அவருக்கும் அப்பாவுக்கும் இதே சண்டைதான்.

"அத்தான், காரும் லாரியும் வீட்டுக்குத் தெரியாம ஓடிப்போய்ப் பெத்த பிள்ளை இது. முன்னாடி மாப்பிள்ளை, பின்னாடி மூட்டை தூக்கறவன். யாரும் வாங்கலைன்னுதானே நிறுத்தினாங்க?"

"நிறுத்தினதாலதான்டா வாங்கலை. கடையில இல்லாததை எவன் வாங்குவான்? திரும்பி வரும் பாரு. நான் இருக்கறப்பவே வரும்."

"எதுக்கு வரணும்?"

"உன் வண்டியில கண்ணாடி ஏத்தணும்னா ஏணி வேணும். ஏத்தினா குதிக்குது. இதுல ஒரு பொம்பளை தனியா ஏத்தலாம். கார் மாதிரி போகும், ஒரு கீறல் விழாது."

"சரி. வீட்ல ஒருத்தருக்கு ஒண்ணுன்னா எங்க படுக்க வைப்பீங்க? பின்சீட்டே இல்லையே."

"பின்னாடிதான். கண்ணாடியே உடையாம போய்ச் சேருது. மனுஷன் போய்ச் சேர மாட்டானா?"

இதற்கு எல்லோரும் சிரிப்பார்கள். அம்மா மட்டும், "சோத்துல கை வச்சிட்டு என்ன பேச்சு இது," என்பாள்.

இப்போது இருவரும் கம்பளத்தை வாசல் வரை இழுத்துவிட்டார்கள். பக்கத்துப் பட்டறைகள் பூட்டிக் கிடந்தன. கூப்பிட்டால் வர ஒருவர் இல்லை. அப்பாவின் கனம் என்னவென்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அம்மா தொட்டியின் பின்பலகையை இறக்கினாள். அது முழங்கால் உயரத்துக்கு வந்து நின்றது. முதலில் தலைப்பக்கத்தை அதில் சாய்த்தார்கள். பிறகு அவள் உள்ளே ஏறி இழுக்க, அம்மா கீழிருந்து தோளைக் கொடுத்துத் தள்ளினாள். பெரிய நிலைக்கண்ணாடியை ஏற்றும் அதே முறை.

அப்பா கண்ணைத் திறந்தார். "டிரைவரம்மா," என்றார். அவளுக்கு வண்டி கற்றுக்கொடுத்த நாளிலிருந்து அவர் வைத்த பெயர். "க்ளட்ச்சை... பட்டுனு விடாதே."

"பேசாம படுங்கப்பா."

அம்மா தொட்டிக்குள் ஏறி, பின்கண்ணாடியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, அவர் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். "தட்டறேன். பார்த்து ஓட்டு," என்றாள்.

அது அவர்கள் தொழிலின் பழக்கம். கண்ணாடி கொண்டுபோகும்போது ஒருவர் ஓட்ட, ஒருவர் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொள்வார். ஓடும் வண்டியில் கத்தினால் கேட்காது. அதனால் தட்டுவார்கள். ஒரு தட்டு, நிறுத்து. மூன்று தட்டு, மெதுவாக. இரண்டு தட்டு, எல்லாம் பத்திரம், போ. ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒவ்வொரு மேட்டுக்கும் பிறகு பின்னால் இருப்பவர் இரண்டு தட்ட வேண்டும். சத்தம் வரவில்லையென்றால் ஓட்டுபவர் வண்டியை நிறுத்தியே ஆகவேண்டும். கல்யாணமான புதிதில் அம்மா அப்படித்தான் அப்பாவோடு ஊரெல்லாம் சுற்றியிருக்கிறாள், ஆளுயரக் கண்ணாடிகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு.

வண்டி கிளம்பியது. ஸ்டியரிங்கில் அவள் கை வழுக்கியது. இந்த வண்டியை ஓட்டிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. கியர் எங்கே விழும் என்பதே யோசித்தால்தான் ஞாபகம் வந்தது. முன்னால் மாட்டியிருந்த சின்னக் கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தாள். அம்மாவின் முதுகும் கொண்டையும் பின்கண்ணாடி முழுவதையும் அடைத்திருந்தன. அப்பா படுத்திருந்தது அதற்கும் கீழே. அவருடைய கால்கூடத் தெரியவில்லை.

சந்தின் முதல் வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. காத்திருந்தாள்.

டக், டக்.

அது கண்ணாடியிலிருந்து வரவில்லை. கீழே தகரத்திலிருந்து, சரியாக அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. இருக்கையின் வழியாக முதுகெலும்பிலேயே தெரிந்தது. அப்பாதான் தட்டுகிறார். படுத்தபடியே கையைத் தலைக்கு மேல் நீட்டித் தட்டுகிறார். அவளுக்கு மூச்சு வந்தது.

அடுத்த தடையில் கொஞ்சம் வேகமாக ஏற்றிவிட்டாள். தகரத்தில் மூன்று தட்டு விழுந்தது. மெதுவாக. இந்த நிலையிலும் ஓட்டுவதில் குற்றம் கண்டுபிடிக்கிறார். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "சரிப்பா, சரிப்பா," என்று யாருக்கும் கேட்காமல் சொன்னாள்.

பிரதான சாலைக்கு வந்ததும் காற்று பலமாக இருந்தது. அம்மாவின் சேலைத் தலைப்பு ஒரு தடவை பறந்து கண்ணாடியை மூடி விலகியது. பெட்ரோல் பங்க் திருப்பத்தில் வண்டியைச் சாய்க்காமல் மெல்லத் திருப்பினாள். நேரானதும் காதைத் தீட்டிக்கொண்டாள். ஒன்றும் வரவில்லை. காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்தாள். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. நிறுத்த வேண்டுமா? நிறுத்தி, இறங்கி, எட்டிப் பார்க்க வேண்டுமா? பார்த்தால் என்ன தெரியும்?

டக், டக்.

இந்தத் தடவை கண்ணாடியில். அம்மாவின் கை. கொஞ்சம் தாமதம், ஆனாலும் அழுத்தமான தட்டு. அவர் தூங்கியிருப்பார், அசந்துபோயிருப்பார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தூங்குவது நல்லதுதானே. பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை பார்ப்பவள் அவள். பயந்து வரும் நோயாளிகளிடம் இப்படித்தான் பேசுவாள்: ஒண்ணுமில்லை, கண்ணை மூடிக்கோங்க, இதோ முடிஞ்சிடும். அந்தக் குரல் எவ்வளவு பொய்யானது என்று இப்போது தெரிந்தது.

பாலம் அடைத்துக் கிடந்ததால் ரயில்வே கேட் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. அவள் போய்ச் சேரவும் கேட் இறங்கவும் சரியாக இருந்தது. சரக்கு ரயில். பெட்டி பெட்டியாக, முடிவே இல்லாமல் ஊர்ந்தது. நிலம் அதிர்ந்தது. இந்த அதிர்வில் எது தகரம், எது கண்ணாடி, எது தன் நெஞ்சு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தாள்.

"அம்மா! அப்பா எப்படி இருக்கார்?"

அம்மா திரும்பவில்லை. கொண்டை அசையவில்லை. கை மட்டும் பின்னால் வந்து கண்ணாடியில் இரண்டு தட்டுத் தட்டியது. போ.

கேட் மூடியிருக்கிறது. எங்கே போவது? இருந்தும் அம்மா தட்டினாள். மறுபடியும் தட்டினாள். மகள் காலை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏனென்று அவளைக் கேட்டால் சொல்லத் தெரியாது. வெளியே இறங்கி நாலடி வைத்தால் தொட்டி. அந்த நாலடியை வைக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

கேட் திறந்தது. தண்டவாளத்தில் ஏறி இறங்கியதும் இரண்டு தட்டு. பள்ளிக்கூடத்துத் திருப்பத்தில் இரண்டு தட்டு. மருத்துவமனை வளாகத்து மேட்டில் இரண்டு தட்டு. ஒன்றுகூடத் தவறவில்லை.

அவசரப் பிரிவு ஆட்கள் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார்கள். "நல்லவேளை, தாழ்வா இருக்கு," என்று ஒருவன் சொல்லிக்கொண்டே கம்பளத்தோடு இழுத்துக்கொண்டான். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் டாக்டர் வெளியே வந்தார். அவர் நடந்துவந்த நிதானமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

"உயிர் வழியிலேயே போயிடுச்சும்மா. கொஞ்ச நேரம் ஆகியிருக்கு." பிறகு, எழுதிக்கொள்வதற்காக, மெதுவாகக் கேட்டார். "கடைசியா எப்போ பேசினார்?"

மகள் வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா பதில் சொன்னாள்.

"பெட்ரோல் பங்க் தாண்டினதும்."

டாக்டர் போய்விட்டார். தாழ்வாரத்து விளக்கு ஒன்று விட்டுவிட்டு எரிந்தது. அவள் அம்மாவின் கையைப் பார்த்தாள். விரல் முட்டிகளில் தோல் உரிந்து சிவந்திருந்தது. பெட்ரோல் பங்கிலிருந்து மருத்துவமனை வரை எத்தனை திருப்பம், எத்தனை மேடு. அம்மா கையைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"நீ ஓட்டிட்டிருந்தே," என்றாள்.

மாமா வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. சட்டையில் நிறுவனத்தின் அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் முன்னால் வந்து நின்றார். உட்காரவில்லை.

"ரெண்டு பேரா எப்படிக்கா தூக்கினீங்க? அத்தான் கனம் என்ன!"

"முழங்கால் உயரம்தானேடா."

மாமா சுவரைப் பார்த்தார். யாரிடம் என்றில்லாமல் பேசினார். "போன வாரம் கம்பெனியில கேட்டாங்க. அந்த மாதிரி வண்டியைத் திரும்பக் கொண்டு வந்தா விக்குமான்னு. விக்காதுன்னு சொல்லிட்டேன். அத்தான்கிட்டச் சொல்லிச் சிரிக்கலாம்னு வச்சிருந்தேன்."

தாழ்வாக இருந்ததால் ஏற்ற முடிந்தது. பின்சீட்டு இல்லாததால் அப்பாவின் முகத்தை மகளால் பார்க்க முடியவில்லை. சாப்பாட்டு மேசையில் இருவர் சொன்னதும் சரிதான். ஆனால் இனிமேல் அந்த மேசையில் எதிர்த்துப் பேச ஒருவர் இல்லை.

அடக்கத்தன்று மாமா தன் பெரிய வண்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார். பெட்டியைத் தோளில் வைத்திருந்த ஆண்கள் அந்தத் தொட்டியின் உயரத்தைப் பார்த்து ஒரு கணம் நின்றார்கள். அம்மா வாசலிலிருந்து சொன்னாள். "அதுல வேண்டாம். இதுல வைங்க."

பாதிக்காரில் பெட்டி சத்தமில்லாமல் ஏறியது. மாமா தானாகவே தொட்டிக்குள் ஏறி, பெட்டிக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டார். அம்மா முன்னால், மகளுக்குப் பக்கத்தில். இத்தனை வருஷத்தில் அம்மா முன்னால் உட்கார்ந்து அவள் பார்த்ததே கிடையாது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவள் போல மடியில் கோத்துக்கொண்டாள். முட்டிகளில் பொருக்கு கட்டியிருந்தது.

மகள் சந்தின் வேகத்தடைகளை மெல்லக் கடந்தாள். ஒவ்வொன்றிலும் அவளையறியாமல் காது பின்னால் போயிற்று. பெட்ரோல் பங்க் திருப்பம். அதையும் கடந்தாள். கல்லறைத் தோட்டம் இருந்தது ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்.

ரயில்வே கேட் திறந்திருந்தது. தண்டவாளம் வெறிச்சோடிக் கிடந்தது. அவள் வண்டியை நிறுத்தினாள்.

பின்னால் வந்த வண்டிகளும் ஒவ்வொன்றாக நின்றன. யாரோ ஹாரன் அடித்து, எந்த ஊர்வலம் என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். "என்னாச்சும்மா? போ!" என்று மாமா கத்துவது காற்றில் பாதியாகக் கேட்டது. அவள் கால் க்ளட்ச்சில் இருந்தது. சின்னக் கண்ணாடியை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அம்மா நேராகச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, திரும்பாமலே, கையைத் தோளுக்கு மேல் கொண்டுபோய்ப் பின்கண்ணாடியில் உள்ளிருந்து இரண்டு தட்டுத் தட்டினாள்.

சற்று நேரம் ஒன்றுமில்லை. மாமாவுக்கு என்ன புரிந்ததோ.

டக், டக்.

கீழே, தகரத்தில், சரியாக அவள் முதுகுக்குப் பின்னால்.

அவள் க்ளட்ச்சைப் பட்டென்று விடாமல் மெல்ல விட்டாள்.