இரண்டாவது டிஸ்க்

இரண்டாவது டிஸ்க்கிலும் ஒன்றும் இல்லை என்று தெரிந்தபோது என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்கவில்லை. திரையில் ஃபைல் பெயர்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. அவரே உட்கார்ந்து எண் போட்ட பெயர்கள். எதை அழுத்தினாலும் திறக்கவில்லை. முதல் டிஸ்க் காலையிலேயே 'டிக் டிக்' என்று தட்டிவிட்டு அடங்கிப்போயிருந்தது.

என் குரல் அந்த இரண்டு பெட்டிகளில்தான் இருந்தது. குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்று, அங்கே பேச்சுப் பயிற்சி தருகிற அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இருக்கும்போதே நிறையப் பேசிப் பதிஞ்சு வச்சுக்கோங்கம்மா. பின்னாடி நீங்க தட்டுறதை உங்க குரல்லயே மெஷின் பேசும்" என்றார். பேசினேன். பால் பொங்குது, கதவைச் சாத்து, எனக்கு வலிக்குது என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். மகளுக்குக் கதை சொன்னேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாய் இருக்கிறது. இப்போது ஃபோனில் தட்டிக் காட்டுகிறேன். சண்டை போடக்கூட முடியாது. தட்டி முடிப்பதற்குள் அவர் அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. பூட்டைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்த்து, பாதித் தெரு போனபின் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்க்கிற மனுஷன். ஒன்று போதாது என்று இரண்டாவது டிஸ்க் வாங்கினார். ஃபோனில் பதிந்து முதல் டிஸ்க்குக்கு மாற்றியிருந்த எல்லாவற்றையும் அதில் ஏற்றினார். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. "புதுசுல்ல, என்ன வேகம் பாரு!" என்று பூரித்துப்போனார். ஒவ்வொன்றாகத் திறந்தும் பார்த்தார், எல்லாம் பேசின. அப்புறம்தான், ரெண்டு இடத்தில் இருக்கிறதே என்று ஃபோனில் இருந்ததை அழித்தார்.

டிஸ்க் பழுது பார்க்கிற கடையில் இருந்த பெண் இரண்டாவது டிஸ்க்கைப் போட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். தலைக்கு மேல் ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"சார், இதுல ஃபைலே இல்ல. வெறும் ஷார்ட்கட். பழைய டிஸ்க்குக்கு வழி காட்டுற பலகைதான் இது."

"நான் ஒண்ணொண்ணா போட்டுப் பாத்தேம்மா. பேசுச்சே!"

"அப்போ பழைய டிஸ்க்கும் கூடவே சொருகி இருந்திருக்கும்."

யானைக்கும் அடி சறுக்கும், சரி. என் தலைமேலா சறுக்க வேண்டும்? கத்த வேண்டும் போல வந்தது. கத்துவதற்கு அந்தப் பெட்டியைத்தான் திறக்க வேண்டியிருந்தது.

அவள் பழைய டிஸ்க்கைக் கையில் எடுத்தாள். "தட்ட ஆரம்பிச்சப்புறம் இதை எத்தனை தடவை சொருகினீங்க?"

"ரெண்டு மூணு தடவை..."

நான் பத்து விரலையும் விரித்துக் காட்டினேன்.

"போச்சு. ஒவ்வொரு தடவையும் உள்ள கீறியிருக்கும். பெரிய இடத்துக்கு அனுப்பலாம், அவங்களும் உறுதி சொல்ல மாட்டாங்க. இங்கயே ஒரு தடவை முயற்சி பண்ணலாம். எழும்புனா எழும்பும். நின்னுடுச்சுன்னா அப்புறம் யாராலயும் முடியாது. யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் என்னைப் பார்த்தார். முந்தின நாள் மகள் அவரிடம் கேட்டது எனக்கும் காதில் விழுந்திருந்தது. "அப்பா, அம்மா குரல் எங்க டீச்சர் குரல் மாதிரியா இருக்கும்?" அடுப்படியில் நின்றபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இல்லடி, இல்லவே இல்ல என்று ஓடிவந்து சொல்லத் துடித்தேன். அவள் என் குரலை மறந்துகொண்டிருக்கிறாள். அனுப்பிவிட்டுக் காத்திருக்க எனக்குத் தெம்பில்லை. 'போடச் சொல்லுங்க' என்று தட்டிக் காட்டினேன்.

அவள் சொருகினாள். பெட்டி உறுமியது, ஒரு முறை தட்டியது, பிறகு சுழலத் தொடங்கியது. திரையில் பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. முதல் ஃபைல் கடைக் கம்ப்யூட்டருக்கு வந்து சேர்ந்தது.

"ஓடுதான்னு பாத்துடலாம். மத்தது பின்னாடி வந்துட்டு இருக்கட்டும்" என்று அதை அழுத்தினாள்.

கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். யாரோ செருமினார்கள்.

"ஏங்க, அந்த ஃபேனை நிறுத்துங்க. எத்தனை தடவை சொல்றது? சத்தமெல்லாம் உள்ள வருதுல்ல!"

நான்தான். என் எரிச்சல், என் மூக்கடைப்பு, 'ஏங்க'வை இழுக்கிற என் இழுப்பு. டீச்சர் மாதிரி இல்லவே இல்லை.

அவர் சட்டென்று எழுந்தார். என்னைப் பார்க்கவில்லை, அந்தப் பெண்ணையும் பார்க்கவில்லை. வீட்டில் எப்போதும் எழுந்து போவதைப் போலவே சுவர்ப்பக்கம் போய்க் கடையின் ஃபேன் சுவிட்சை அணைத்தார். அணைத்த பிறகுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். சுவிட்சிலிருந்து கையை எடுக்காமல் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

ஃபேன் சுற்றிச் சுற்றித் தளர்ந்து நின்றது. அதன் சத்தம் அடங்கியதும் மேஜைமேல் இருந்த பெட்டி மறுபடி 'டிக் டிக்' என்று தட்டுவது எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது.