ஊத்தாவுக்குள் ஒரு தாரா

சிலமலைக் கண்மாயின் கோரைக்குள் எங்கள் பக்கம் தாரா என்று சொல்லும் காட்டு வாத்து ஜோடி ஒன்று குஞ்சு பொரித்திருந்தது. காலையில் போடிக்கு ஏலக்காய் மூட்டை தூக்கப் போகுமுன், கரையில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துவந்தேன். கண்ணால் பார்த்ததை மட்டும் தினமும் எழுதிவரச் சொல்லியிருந்தார் மாலை வகுப்பு வாத்தியார்.

குஞ்சுகளுக்கு முன்னால் ஒன்று நீந்தும், பின்னால் ஒன்று. எது தாய், எது தகப்பன் என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. நாய் வந்தால் ஒன்று குஞ்சுகளைக் கோரைக்குள் ஒதுக்கிக்கொண்டு போகும். மற்றது ஒரு சிறகைத் தொங்கவிட்டு, சேற்றில் அடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடும். நாய் வெகுதூரம் பின்னால் போனதும் எழுந்து பறந்துவிடும். 'நடிக்கிறது' என்று எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டு, 'நடிப்பதுபோல் தெரிகிறது' என்று மாற்றினேன்.

மாசிக் கடைசியில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. மறுநாள் ஊர் மீன்பிடி என்று தமுக்கு அடித்தார்கள். குஞ்சுகளுக்கு இன்னும் சிறகு முளைக்கவில்லை.

கண்மாயைக் கவனிக்கும் தவசி மாமாவிடம் ஓடினேன்.

"கோரப்பக்கம் மட்டும் யாரும் எறங்க வேணாம்னு சொல்லுங்க மாமா. குஞ்சு கெடக்கு."

"சொன்னா மொத ஆளா அங்கதான் எறங்குவாய்ங்க. கறி கெடக்குன்னு நானே தமுக்கு அடிச்ச மாதிரி ஆயிரும். வாய மூடிக்கிட்டுப் போ மாப்ளே."

விடிந்ததும் ஊரே இறங்கியது. எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது. அண்ணனின் ஊத்தாவை, மீன்மேல் கவிழ்த்துப் பிடிக்கும் அடியும் மேலும் திறந்த மூங்கில் கூடையை, எடுத்துக்கொண்டு கோரைக்கு முன்னால் போய் நின்றேன். இங்கே மீனில்லை என்று காட்டுவதற்காக வெறும் சேற்றில் கவிழ்த்துக் கவிழ்த்து எடுத்தேன். கூட்டம் நெருங்க நெருங்க இன்னும் வேகமாகக் கவிழ்த்தேன்.

அப்போது ஒரு தாரா கோரையை விட்டு வெளியே வந்து, சிறகைத் தொங்கவிட்டு ஓடியது.

"செறகு ஒடிஞ்சிருக்குடா, அமுக்கு," என்று திரும்பினான், என்னோடு மூட்டை தூக்கும் வெள்ளைத்துரை. கூட்டமும் திரும்பியது.

இதோ பறந்துவிடும் என்று பார்த்தேன். பறக்கவில்லை. நாயை நெருங்க விட்டதைவிட அதிகமாகவே ஆட்களை நெருங்க விட்டது. நான் எழுதியதுதான் தப்போ, நிஜமாகவே ஒடிந்திருக்கிறதோ? யோசிக்க நேரமில்லை. ஊத்தாவுக்குள் விழுந்தது ஊத்தாக்காரனுக்கு. அதில் வேறொருவன் கைவைக்கக் கூடாது. கண்மாயில் அதுதான் வழக்கம். சேற்றில் விழுந்து எழுந்து ஓடி, வெள்ளைத்துரையின் கைக்கு முன்னால் கவிழ்த்தேன்.

"கெண்டகூடப் பிடிக்கத் தெரியாத பய, கறிக்கு மட்டும் வெரசா வர்றான் பாரு," என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

மேல்வாய் வழியே கையை விட்டேன். கொத்தியது. சிறகைத் தடவிப் பார்த்தேன். எலும்பு முழுசாக இருந்தது. விட்டுவிடலாம் என்று கூடையைத் தூக்கப் போனவன் அப்படியே நின்றேன். விட்டால் நேரே குஞ்சுகளிடம்தான் போகும். அத்தனை கண்ணும் அதன் பின்னாலேயே போகும்.

துண்டால் கூடையின் மேல்வாயை மூடி, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்தேன். உள்ளே அது மோதிக்கொண்டே இருந்தது. கோரைக்குள்ளிருந்து மற்றது கூப்பிட்டது. இது பதில் கொடுக்கவில்லை. சிலர் கோரையை மிதித்துக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அந்தக் கூப்பாடும் நின்றுபோனது. நான் திரும்பினால் மற்றவர்களும் திரும்புவார்கள் என்று திரும்பாமல் இருந்தேன்.

"என்ன மாப்ளே, அடகாக்குறியா?" என்று கேட்டுக்கொண்டே கடந்துபோனார் தவசி மாமா.

பொழுது சாய்ந்து கடைசி ஆளும் கரையேறினான். கோரை பாதிக்குமேல் மடிந்து கிடந்தது. கோரைக்குள் ஒரு சத்தமும் இல்லை. கூடையைத் தூக்கினேன்.

தாரா பறக்கவில்லை. கோரைப் பக்கமும் போகவில்லை. ஒடியாத அதே சிறகைத் தொங்கவிட்டு, சேற்றில் அடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் ஓடியது. சற்றுத் தள்ளி நின்று, நான் வருகிறேனா என்று பார்த்தது.

ஒளிக்க எதுவும் மிஞ்சாத பறவை இப்படி ஓடுமா? எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. கோரையை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல், ஏமாந்த நாயைப்போல அதன் பின்னால் நடந்தேன்.