நாலு மணிச் சொட்டு

அந்தச் சொட்டு மருந்தை அவள் பெருமையாகத்தான் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"கண்ணுக்கு இதுவரைக்கும் என்ன மருந்து போட்டிருக்கீங்க?" என்று, தங்கையின் கண்களைச் சோதித்து முடித்த டாக்டரம்மா கேட்டதுதான் தாமதம். "இதுதான் டாக்டர். நல்ல மருந்து. பத்தே நிமிஷத்துல செவப்பு போயிடும்" என்றாள், ஏதோ தானே காய்ச்சி வடித்ததுபோல. பக்கத்து முக்காலியில் தங்கை உட்கார்ந்திருந்தாள். முப்பத்திரண்டு வயது. ஒரே மாதத்தில் இரண்டு தடவை தையல் மெஷின் ஊசிக்கு அடியில் விரலைக் கொடுத்தவள்.

டாக்டரம்மா குப்பியைத் திருப்பித் திருப்பிப் படித்தார்.

"எத்தனை நாளா போடுறீங்க?"

"நாளா? நாலு வருஷமா போடுறோம்."

அவர் குப்பியை மேசைமேல் வைத்தார். பிறகு தங்கையைப் பார்த்துச் சொன்னார். "இது டாக்டர் சொல்லாம போடவே கூடாதும்மா. சொன்னாலும் சில நாளுக்குத்தான். எரிச்சல் போகும், செவப்பு போகும், ஆனா கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறிக்கிட்டே இருக்கும். வலிக்காது, வெளிய ஒண்ணும் தெரியாது. உள்ள நரம்பு செத்துக்கிட்டே வரும். செத்த நரம்புக்கு மருந்து கிடையாது. இடது கண்ணு போயிடுச்சு. வலது கண்ணுல குழாய் வழியா பாக்கிற மாதிரி கொஞ்சம் இருக்கு. அதை எவ்வளவு நாள் காப்பாத்த முடியுதுன்னு பாப்போம்."

தங்கை அழவில்லை. அக்காதான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்த மருந்தை வேற யாருக்காவது குடுத்தீங்களா? சொல்லுங்க. ஆரம்பத்துலயே பாத்துட்டா நிறுத்திடலாம், கண்ணு தப்பிச்சிடும்."

"இல்ல டாக்டர்."

வாய் கூசாமல் சொன்னாள். வேறு யாருக்காவதா? நாற்பத்தொரு பேர்!

தைத்த சட்டைகளைப் பெட்டி பெட்டியாகக் கப்பலேற்றும் கம்பெனியில் அவள் ஒரு வரிசைக்கு மேற்பார்வையாளர். கறுப்புத் துணி, தலைக்கு மேல் டியூப் லைட், காற்றெல்லாம் நூல்தூசி. மத்தியானம் தாண்டினால் வரிசையே கண்ணைக் கசக்கும். கண் எரிந்தால் தையல் கோணும். கோணினால் அரை நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான், தனக்கு ஒருதரம் கண் சிவந்தபோது மருந்துக்கடைக்காரர் கொடுத்த சொட்டை மற்றவர்களுக்கும் விட ஆரம்பித்தாள். நாலு மணி டீ இடைவேளையில் வரிசையாக நின்று தலையை அண்ணாந்து காட்டுவார்கள். இவள் ஆளுக்கு நாலு சொட்டு விடுவாள். குப்பிக்கான காசை எல்லாரும் பங்கு போட்டார்கள். அவளுக்குப் பெயரே 'சொட்டக்கா' என்று ஆகிப்போனது. அதே வரிசையில் தைத்த சொந்தத் தங்கைக்கு மட்டும் காலையில் அவள் வீட்டுக்கே போய் இன்னொருதரம் விடுவாள். பாசம், வேறென்ன.

ஆஸ்பத்திரி நடையில் ஒரு சுவரொட்டி. பார்வையிழப்பால் நாட்டுக்கு வருஷத்துக்கு இத்தனை கோடி நட்டம் என்று பொடிப்பொடியாக அச்சடித்திருந்தது. கண் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து இவ்வளவு பொடி எழுத்தில் ஒட்டிய மகானுபாவன் யாரோ.

"என்னக்கா போட்டிருக்கு?"

அக்கா படித்துச் சொன்னாள்.

"அந்தக் கணக்குல நான் இருக்கேனா?"

"இன்னும் சேர்த்திருக்க மாட்டாங்க."

தங்கை சிரித்தாள். 

பஸ்ஸில் தங்கை காதோடு சொன்னாள். "கம்பெனில சொல்லாதேக்கா. எனக்கு வேலை போனது போனதுதான். உன்னையும் அனுப்பிட்டா ரெண்டு வீட்லயும் அடுப்பு எரியாது. கொஞ்ச நாள்ல ஏதாவது சாக்கு சொல்லி மெதுவா நிறுத்திடு."

பாதிக்கப்பட்டவளே சொல்லிவிட்டாள். கோழைக்கு வேறென்ன வேண்டும்? அவள் தலையை ஆட்டினாள்.

மறுநாள் நாலு மணிக்கு வரிசை வந்து நின்றது. நிறுத்துவதற்கு ஒரு சாக்கும் வாயில் வரவில்லை. ஆனால் முதல் நாளே ஒரு வேலை செய்து வைத்திருந்தாள். காலிக் குப்பிகளைக் கழுவி, கொதித்து ஆறிய தண்ணீரை நிரப்பியிருந்தாள். அண்ணாந்த முகங்களில் அதையே விட்டாள். யாருக்கும் கெடுதல் இல்லை, தன் வேலைக்கும் பங்கமில்லை என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டாள்.

மூன்று நாள் சுமாராக ஓடியது. நாலாம் நாள் காலர் தைப்பவள் கண்ணைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள், "என்னக்கா, கடைக்காரன் மருந்துல தண்ணி கலந்துட்டானா?" அவளுக்கு எப்போதுமே வாய் நீளம். வரிசை கொல்லென்று சிரித்தது. இவளும் சிரித்து வைத்தாள்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. தையல் கோணியது. சட்டைகள் திரும்பி வந்தன. ஒரே வாரத்தில் ஆறு பேரை அரை நாளோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏழாம் நாள் காலர்க்காரி தன் இடுப்புப் பையிலிருந்து சொந்தக் குப்பியை எடுத்தாள். பத்தாம் நாள் பார்த்தால் ஆளுக்கொரு குப்பி. முன்பு நாலு மணிக்கு மட்டும் போட்டவர்கள் இப்போது நினைத்தபோதெல்லாம் போட்டார்கள். மருந்துக்கடைக்காரர் மொத்தமாக வரவழைத்து விலையைக் குறைத்திருக்கிறாராம்.

பதினோராம் நாள் டீ குடிக்கும்போது காலர்க்காரி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். "என் பொண்ணுக்குக் கண்ணு ஒரே அரிப்பு. நேத்து ரெண்டு சொட்டு விட்டேன், குளுகுளுன்னு இருக்குன்னு சொல்லுது. இனிமே தினம் போடணும்."

டீயை அப்படியே வைத்துவிட்டுச் சொட்டக்கா ஓடி வந்தாள். "வேணாம்டி, கொழந்தைக்குப் போடாதே" என்று கத்தினாள். கத்திய பிறகு எதை மறைக்க முடியும்? எல்லாவற்றையும் கொட்டினாள். தங்கையின் கண், டாக்டரம்மா சொன்னது, கழுவிய குப்பி, கொதித்த தண்ணீர். எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

வரிசை மொத்தமும் அவளைச் சுற்றி நெருங்கியது.

"அப்போ பத்து நாளா எங்க கண்ணுல வெறும் தண்ணியையா ஊத்தினே?" என்றாள் காலர்க்காரி.

"அது உங்க நல்லதுக்குத்தான்..."

"எங்க காசை வாங்கிட்டு? எனக்கு ரெண்டு அரை நாள் போச்சு உன்னால. அந்தச் சம்பளத்தை யார் குடுப்பா? மாட்டிக்கிட்டதும் இப்போ கண்ணு போகும், மூக்கு போகும்னு கதை விடுறியா?"

"கதை இல்லடி. என் தங்கச்சியை வந்து பாரு."

"உன் தங்கச்சிக்குப் போச்சுன்னா அது உங்க வீட்டு வியாதி. எனக்கு ஊசிக் காது பளிச்சுன்னு தெரியுது பாரு." சொல்லிவிட்டு, எல்லார் முன்னாலும் தலையைச் சாய்த்துத் தன் குப்பியிலிருந்து இரண்டு கண்ணிலும் விட்டுக்கொண்டாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. நேர் எதிரே இருப்பது கடைசி வரைக்கும் தெரியும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஊசிக் காது அப்படியே தெரியும். ஓரங்கள்தான் முதலில் போகும்.

சத்தம் கேட்டு வந்த மேனேஜர் விஷயத்தைச் சுருக்கமாக முடித்தார். தொழிலாளிகளிடம் மருந்தென்று ஏமாற்றிப் பணம் வாங்கியதற்காகச் சொட்டக்கா அன்றைக்கே வெளியே. வரிசை மெஷினுக்குத் திரும்பியது. ஒருத்தர்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டிலாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. தங்கையின் வலது கண்ணும் இரண்டே மாதத்தில் மங்கிவிட்டது. தங்கை புருஷன் லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். பெண்டாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வாரம் இரண்டு நாள் லீவு போட்டான். மூன்றாவது வாரமே அவன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். ஒருத்தியின் கண் போனதில் மூன்று பேருக்கு வேலை போயிருந்தது. சுவரொட்டிக்காரர்கள் நட்டத்தைப் போடும்போது இப்படித்தான் போட்டார்களா, தலைக்கு ஒன்றென்று விட்டுவிட்டார்களா, அவளுக்குத் தெரியாது.

இந்த இரண்டு மாதமும் அவள் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாள். சிலர் திறக்கவில்லை. சிலர் திறந்து, உட்காரச் சொல்லி, வேறு ஏதாவது பேசி அனுப்பினார்கள். டாக்டரம்மாவிடம் போய் அன்றைக்குச் சொன்ன பொய்யை ஒப்புக்கொண்டாள். அவர் திட்டவில்லை. "கூட்டிட்டு வாங்க, எந்நேரமானாலும் பாக்குறேன்" என்றார். ஆனால் ஒருத்தரும் வரவில்லை. பொய் சொன்ன வாயில் உண்மை வந்தால் யார்தான் கேட்பார்கள்? அந்தப் பத்து நாளையும் நினைத்து நினைத்து அவள் தன்னையே வெறுத்தாள்.

கடைசியில் தங்கையே சொன்னாள், "என்னைக் கூட்டிட்டுப் போக்கா. நீ சொல்ல வேணாம், அவங்க என்னைப் பாக்கட்டும்."

சாயங்காலம் வேலை விடும் நேரத்தில் இரண்டு பேரும் கம்பெனி கேட்டின் ஓரமாக நின்றார்கள். அக்காவின் முழங்கையைத் தங்கை பிடித்திருந்தாள். கூட்டம் வெளியே வந்தது. பழைய வரிசைக்காரிகள் தங்கையைப் பார்த்து "ஐயோ பாவம்" என்றார்கள். ஒருத்தி கையில் நாலு பழத்தைத் திணித்தாள். "எல்லாரும் ஒருதரம் போய்ப் பாத்துக்கோங்கடி, என்னைப் பாத்தாவது போங்க" என்று தங்கை சத்தம் வந்த பக்கமெல்லாம் திரும்பித் திரும்பிச் சொன்னாள். சரி சரி என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினார்கள். காலர்க்காரி தலையைக் குனிந்துகொண்டு வேகமாகக் கடந்து போனாள்.

தெரு காலியானது. கிளம்பலாம் என்று அக்கா திரும்பினாள். தெருமுனை வரைக்கும் போன காலர்க்காரி திரும்ப வந்துகொண்டிருந்தாள். வந்தவள் சொட்டக்காவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தங்கையிடம்தான் கேட்டாள், குரல் பாதியாகிவிட்டிருந்தது.

"மொதல்ல லைட்டைச் சுத்தி வளையம் மாதிரி ஏதாவது தெரியுமாடி?"

"தெரியும். கலர் கலரா தெரியும். அழகாத்தான் இருக்கும்." தங்கை கையை நீட்டித் துழாவி அவள் தோளைக் கண்டுபிடித்தாள். "உனக்கு எத்தனை நாளா தெரியுது?"

காலர்க்காரி தன் தோள்மேல் இருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கில்லை. என் பொண்ணு சொல்றா."